இன்னிக்கு எத்தனாவது மாடி?

பக்கிரித்தோட்டத்துத் தொட்டியின் ஈசானி மூலை வளைவில் பலகையோடு ஏறிப்போன தர்ஷினி, எல்லாப் பிள்ளைகளையும் போல மறுநொடியே இறங்கி வராமல் அப்படியே மேலே போய்க்கொண்டிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அவளைப் பெற்ற செந்தாமரை வீட்டுக்குள் கிரைண்டரில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் கீழே ஊரே கூடிக் கத்தியது அவள் காதில் விழவில்லை. நெற்றி வியர்வையை முழங்கையால் துடைக்கத் திரும்பியவள், இரண்டாவது மாடி ஜன்னலுக்கு வெளியே மகளின் தலையைப் பார்த்தாள்.

“இன்னாடி அங்க நின்னுக்கினு கீற?”

“நிக்கலம்மா. ஏறிக்கினு கீறேன்.”

உண்மைதான். குந்திய வாக்கில், முழங்கால் மடங்கி, ஒரு கை பலகையின் விளிம்பைப் பிடித்திருக்க, மறு கை காற்றில் நீண்டிருக்க, பதினாலு வயதுப் பெண் ஒருத்தி கண்ணுக்குத் தெரியாத மெதுவில் ஏறிக்கொண்டிருந்தாள். செந்தாமரை ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை விட்டுத் துழாவினாள், எட்டவில்லை. உளுந்து பொங்கிக் கிரைண்டரை விட்டு வழிந்து தரையெல்லாம் ஓடியது, அதை அள்ள அன்றைக்கு யாருக்கும் கை வரவில்லை.

அந்தத் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கம் வாரியம் கட்டிக்கொடுத்த மூன்று மாடிக் குடியிருப்பு, இன்னொரு பக்கம் பன்னிரண்டு மாடி அடுக்ககம், நடுவில் குப்பையும் உடைந்த பாட்டிலும் கிடந்த ஒரு நீள மனை. பொழுது சாய்ந்தால் அங்கே குடிக்கிறவர்கள் உட்காருவார்கள், பெண்கள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வேகமாகக் கடப்பார்கள். மாநகராட்சி அங்கே வந்து வழவழவென்று சிமெண்டில் பள்ளமும் மேடும் வளைவுமாக ஒன்றைக் கட்டியபோது, குடிதண்ணீர்த் தொட்டி என்றே இந்தப் பக்கத்து ஜனம் முடிவு செய்தது. வேறு என்னவாக இருக்க முடியும், இத்தனை வருஷமாகத் தண்ணீருக்குத்தானே மனு கொடுத்தார்கள். பெண்கள் பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக வைத்தார்கள், கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தார்கள், லாரித் தண்ணீர் ஓட்டுகிறவர் ஒருவர் நல்ல மனசோடு ஒரு லாரித் தண்ணீரை அதில் திறந்தும் விட்டார். பிள்ளைகள் ஆசைதீரக் குளித்தார்கள். அப்புறம்தான் பலகையும் தலைக்கவசமுமாக நாலு பேர் வந்து, இது ஸ்கேட்டிங் பண்ணும் இடம் என்று விளக்கித் தண்ணீரை இறைத்து வெளியேற்றினார்கள். ஆனாலும் பெயர் தொட்டிதான்.

அடுக்ககத்துப் பிள்ளைகள் தங்கள் பலகைகளோடு பின்வாசல் வழியாக இறங்கி வந்தார்கள். குடியிருப்புப் பிள்ளைகள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் ஒரு சுற்றுக் கேட்டார்கள், அப்புறம் யார் பலகை யாருடையது என்பதே மறந்துபோனது. சக்கரம் ஓடுகிற இடத்தில் உட்கார்ந்து குடிக்க முடியுமா? குடிக்கிறவர்கள் முனகிக்கொண்டே வேறு சந்து பார்த்துப் போனார்கள். இரவு எட்டு எட்டரை வரைக்கும் விளக்கு எரிந்தது, பெண்கள் தொட்டி விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக் கீரை ஆய்ந்தார்கள். விழுந்து முட்டி பெயர்ந்த பிள்ளையை எந்தக் கட்டடத்துப் பிள்ளை என்று பார்க்காமல் யாரோ ஒருத்தி இடுப்பில் தூக்கிப்போய் மஞ்சள் வைத்தாள்.

இரண்டே பேருக்குத்தான் அந்தத் தொட்டி ஆகாது. ஒருத்தர், அடுக்ககத்துச் சங்கச் செயலாளர் சபேசன். எட்டாவது மாடியில் இருக்கும் அவருக்கு, அந்தச் சக்கர ஓசை நேராகக் காதுக்குள் வந்து ஓடுவதாகப் புகார். இன்னொருத்தி செந்தாமரை. தோசைமாவு அரைத்து அடுக்ககத்து வாசலில் கொடுத்துப் பிழைக்கிறவள். மாவுப் பாக்கெட்டுகளை நடந்து கொண்டுபோகச் சொன்னால் பலகையில் ஏறிக் கொண்டுபோய் நடுவழியில் உடைத்துவிட்டு வருகிற மகள்மேல் அவளுக்குத் தீராத கோபம். கோபத்துக்கு அடியில் பயம். பொம்பளைப் பிள்ளை கையைக் காலை உடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். இப்போது அந்தப் பயம் கையை உடைக்காமல், காலை உடைக்காமல், பிள்ளையையே தூக்கிக்கொண்டு போய்விட்டது.

புதன்கிழமை காலை செந்தாமரை வட்டக் கவுன்சிலர் எத்திராஜின் அலுவலகத்து வாசலில் போய் விழுந்தாள். தலை அவிழ்ந்து, மண்ணில் புரண்டு, “அண்ணே, அந்தப் பாழாப்போன குழிய மூடு, எம்பொண்ண முழுங்கினு போயிருச்சு, மூடுண்ணே” என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். எத்திராஜின் ஆள் ஒருவன் போனில் அதைப் படமெடுத்தான். எத்திராஜும் கண் கலங்கி, “அழாத தங்கச்சி, நான் கீறேன்” என்றார். தெருவிளக்குக்கு, சாக்கடைக்கு, பட்டாவுக்கு என்று அந்த ஜனம் கேட்டது எதுவும் அந்த அலுவலகத்தைத் தாண்டி நகர்ந்ததில்லை. இதுவும் நகராது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். செந்தாமரையும் வீட்டுக்கு வந்து, மகளுக்குச் சோறு கொடுக்க வழி தேடியதில், கேட்டதையே மறந்துபோனாள்.

ஏனென்றால் தர்ஷினிக்குப் பசித்தது. தூக்கமும் வந்தது. மற்ற உபாதைகள் எல்லாம், ஒரு குதி குதிக்கிற நொடிக்குள் யாருக்கும் வராதது போல, அவளுக்கும் வரவில்லை. இரண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டி, நுனியில் கொக்கி மாட்டி, தூக்குச்சட்டியைத் தொங்கவிட்டு நீட்டினால் அவள் கைக்கு எட்டும், ஈசானி மூலையில் இரண்டு கட்டடங்களும் அத்தனை நெருக்கம். ஆனால் சோறு வடிப்பதற்குள் அவள் மூன்றாவது மாடிக்குப் போய்விட்டாள்.

மூன்றாவது மாடியில் இருந்தது மரியபுஷ்பம். தண்ணீர் வரிசையில் குடத்தை நகர்த்திய தகராறில் செந்தாமரையும் அவளும் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகிறது. படியேறிப் போன செந்தாமரை, கதவைத் தட்டாமல், கையில் தூக்குச்சட்டியோடும் தோளில் மூங்கிலோடும் வாசலில் நின்றாள். கதவு தானாகத் திறந்தது.

“எவ்ளோ நேரந்தான் வாசல்ல நிப்ப? புள்ள பசியோட கீது, உள்ள வா” என்றாள் மரியபுஷ்பம், முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு. மூங்கிலின் அடியை ஒருத்தி பிடிக்க, நடுவை ஒருத்தி தாங்க, அன்றைக்குச் சோறு போய்ச் சேர்ந்தது.

இப்படியாக அந்தத் தெரு அதற்குப் பழகிக்கொண்டது. டிவிக்காரர்கள் வந்தார்கள், வேறெங்கோ பாலம் இடிந்ததும் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் மொட்டைமாடியில் நின்று கணக்குப் பாடத்தைக் கத்திச் சொல்லிக்கொடுத்து, தொண்டை கட்டியதும் விட்டுவிட்டார். கொடியில் துணி உலர்த்துகிற பெண்கள், “இன்னா தர்ஷு, மழை வர்ற மாதிரி கீதா?” என்று கேட்டுக்கொண்டு துணியை எடுத்தார்கள், மேலேயிருந்து பார்க்கிறவளுக்குக் கடல் பக்கத்து மேகம் முன்னாடியே தெரியும். மழை வந்தபோது ஒரு குடையை அனுப்பினார்கள். குழந்தை தூங்காத வீட்டுக்காரிகள், “அந்த அக்கா பாரு, எப்டி ஆடாம அசையாமத் தூங்குது” என்று காட்டித் தூங்கவைத்தார்கள்.

தர்ஷினியின் அப்பன் மூர்த்தி, வடக்கே போகிற லாரி ஓட்டுகிறவன், ஒரு நடை போனால் திரும்ப மாசமாகும். தினமும் காலையில் போன் அடித்து, நலமா, சாப்பிட்டாயா என்று எதுவும் கேட்காமல், “இன்னிக்கு எத்தனாவது மாடி?” என்பான். செந்தாமரை சொல்வாள். மறுமுனையில் லாரியின் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும், அப்புறம் வைத்துவிடுவான்.

ஒரு நாள் தர்ஷினி மொட்டைமாடியையும் தாண்டிவிட்டாள். அதற்கு மேல் குடியிருப்பில் மாடி இல்லை. நிமிர்ந்து பார்த்தால் மகளுடைய பலகையின் அடியும் நாலு சக்கரமும்தான் தெரிந்தன, முகம் தெரியவில்லை. அன்று முழுக்கப் பிள்ளை பட்டினி. “பரவால்லம்மா” என்று மேலேயிருந்து சன்னமாகக் குரல் வந்தது. திட்டித் திட்டியே வளர்த்தாளே, ஒரு நாள் மாவு உடைந்ததற்காகச் சோறு போடாமல் படுக்கவைத்தாளே, அது செந்தாமரைக்கு ஞாபகம் வந்தது.

அடுக்ககத்து வாசலில் பத்து வருஷமாக மாவு கொடுத்திருக்கிறாள், வாசலைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை. வாட்ச்மேன் போனில் கேட்டு, யாரோ சம்மதித்து, வேலைக்காரர்கள் போகிற லிஃப்டில் அவளை ஏற்றிவிட்டார்கள். ஐந்தாவது மாடியில் ஒரு வீட்டுக்காரி பால்கனியைத் திறந்துவிட்டாள், ஆறாவதில் இன்னொருத்தி. ஏற ஏறத் தர்ஷினியின் வேகம் குறைந்துகொண்டே போனது. முதல் நாள் மூன்று மாடி ஏறியவள், இப்போது ஒரு மாடி ஏற வாரக்கணக்கில் எடுத்துக்கொண்டாள். கடைசியில் அவள் போய்ச் சேர்ந்த இடம், சபேசனின் பால்கனிக்கு நேர் எதிரே.

சபேசன் கதவைத் திறந்து, மூங்கிலையும் தூக்குச்சட்டியையும் பார்த்து, வாசலை மறித்து நின்றார். அவர் மனைவி விசாலம்தான் பின்னாலிருந்து, “வழியை விட்டு நில்லுங்களேன், சோறு ஆறிடும்” என்றாள்.

அந்த எட்டாவது மாடி உயரத்தில் காற்று அதிகம். தர்ஷினி கண்ணை மூடிக்கொண்டு, “அம்மா, கீழ சத்தமே இல்ல” என்றாள்.

சத்தம் இல்லைதான். ஒரு பிள்ளை போனதிலிருந்து எந்தத் தாயும் தன் பிள்ளையைத் தொட்டிப் பக்கம் விடவில்லை. மறுபடி பாட்டில்கள் வரத் தொடங்கியிருந்தன.

“யாருனா ஓட்டுங்கம்மா. சக்கர சத்தம் கேட்டாத்தான் எனக்கு வளைவு எங்க கீதுனு தெரியும். காத்து சைடுல தள்ளுது. தெரியாங்காட்டி எப்டி எறங்குவேன்?”

செந்தாமரை சபேசனைப் பார்த்தாள். சக்கர ஓசையை நிறுத்த ஐந்து தடவை எழுதிக் கொடுத்த மனிதர். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, பத்தடி இடைவெளிக்கு அப்பால் குந்தியிருக்கும் அந்தப் பிள்ளையின் மடங்கிய முழங்காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் சாயங்காலம் அவரே கீழே இறங்கிப்போய், அடுக்ககத்துப் பிள்ளைகளின் வீடு வீடாகப் போய், “குழந்தைகளை அனுப்புங்கோ, நான் பக்கத்துல நிக்கறேன்” என்று கேட்டார். இந்தப் பக்கம் மரியபுஷ்பம் தன் மகள் ஸ்டெஃபியை முதல் ஆளாக இறக்கிவிட்டாள். சக்கரங்கள் மறுபடி ஓடின. ஒருநாள் மழையால் பிள்ளைகள் வராதபோது சபேசன் பால்கனிக்கும் வாசலுக்குமாக நடந்து, “ஏன் இன்னிக்குச் சத்தத்தையே காணோம்” என்று விசாலத்தைத் தொந்தரவு பண்ணினார்.

பிறகு ஒரு காலை, தூக்குச்சட்டியை நீட்டிய செந்தாமரை கம்பைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டியிருந்தது. மகள் இறங்கத் தொடங்கியிருந்தாள். செந்தாமரை விசாலத்தைக் கட்டிப்பிடித்து அழுதாள். வேலைக்காரர்கள் லிஃப்டுக்குக் காத்திராமல் எட்டு மாடியையும் படியிலேயே இறங்கி, பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே தெருவுக்கு வந்தாள்.

தெரு முனையில் அவளே நின்றுகொண்டிருந்தாள். ஆளுயரத்தைப் போல் மூன்று மடங்கு உயரத்தில், ஃப்ளெக்ஸ் பேனரில், தலைவிரிகோலமாக, வாய் கோணி அழுகிற செந்தாமரை. பக்கத்தில் அதைவிடப் பெரிதாகக் கைகூப்பிய எத்திராஜ். ‘ஒரு தாயின் கண்ணீரைத் துடைக்க ஆபத்துக் குழியை மூடி வாகன நிறுத்துமிடம் அமைக்கும் அண்ணன் எத்திராஜுக்கு நன்றி, நன்றி, நன்றி!’ கீழே பூமி பூஜைக்கான நாளும் நல்ல நேரமும்.

எத்தனையோ அழுகையை அந்தத் தெரு அழுதிருக்கிறது, ஒன்றும் நடந்ததில்லை. இந்த ஒன்று மட்டும் எந்த மேசையிலும் நிற்காமல் ஓடி, கையெழுத்தாகி, டெண்டராகி, லாரியாகி வந்து நின்றுவிட்டது.

எத்திராஜின் அலுவலகத்துக்கு அவள் ஓடினாள். மரியபுஷ்பமும் ஸ்டெஃபியும் கூடவே ஓடினார்கள்.

“அண்ணே, எம்பொண்ணு எறங்கிக்கினு கீறாண்ணே. அந்த வளைவுலதான் எறங்கணும். மூடிடாதண்ணே.”

எத்திராஜ் கெட்ட மனிதர் இல்லை, மாட்டிக்கொண்ட மனிதர். “இன்னா தங்கச்சி இது, நீ கேட்டதுதான? பேனர் வெச்சாச்சு, மேல எடத்துல சொல்லியாச்சு, தேதி குறிச்சாச்சு. இப்ப வாணாம்னா நாலு பேரு என்னைக் கேலி பண்ண மாட்டானா? பாப்பாக்கு நான் பொறுப்பு. நல்லா மெத்து மெத்துனு மெத்தை வாங்கிப் போட்றேன், அதுல எறங்கட்டும்.”

ஸ்டெஃபி குறுக்கே வந்தாள். “மெத்தைல ஆவாது சார். அவ்ளோ ஒசரத்துலந்து வந்தா மெத்தை நிறுத்திரும். நிறுத்துறதுதான் எலும்ப ஒடைக்கும். வளைவு நிறுத்தாது, திருப்பிவுட்ரும். அதுக்குத்தான அத்த அப்டி கட்டிக்கீது.”

“இந்தாம்மா, பெரியவங்க பேசச்சொல்ல…” என்று எழுந்துகொண்டார் எத்திராஜ்.

செந்தாமரைக்கு மெத்தை கண்ணுக்கு முன்னால் வந்தது. அதில் விழுகிற மகள் வந்தாள். வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் மரியபுஷ்பம் அவள் கையைப் பிடித்தபடி நடந்தாள்.

ஏறும்போது எப்படி மெதுவானாளோ, இறங்கும்போது தர்ஷினி அப்படியே வேகம் பிடித்தாள். ஏழாவது மாடியில் நாலு நாள் இருந்தவள், ஆறாவதில் இரண்டு நாள்கூட இல்லை. தெரு முழுக்கக் கழுத்தை நிமிர்த்தி ஒரு கணக்கும், பேனரைப் பார்த்து இன்னொரு கணக்கும் போட்டது. பூஜைக்கு முன்னால் வந்துவிடுவாள் என்றார்கள் சிலர், பின்னால்தான் என்றார்கள் சிலர். சபேசன் சங்கத்தின் பெயரில் வாகன நிறுத்துமிடம் வேண்டாம் என்று மாநகராட்சிக்கு எழுதினார். தொட்டியை மூடச் சொல்லி அவர் எழுதிய ஐந்தும் பத்திரமாக இருப்பதாகவும், புதிதாக எதுவும் வந்து சேரவில்லை என்றும் பதில் வந்தது. செந்தாமரை மாவு அரைக்கவில்லை. அடுக்ககத்தில் யாரும் தோசை கேட்கவுமில்லை.

பூஜை நாள் விடிந்தபோது தர்ஷினி ஐந்தாவது மாடியில் இருந்தாள். “அம்மா, காது அடைக்குது. கிட்ட வந்துக்கினு கீது” என்றாள். குரலில் பயம். செந்தாமரை பால்கனியிலிருந்து இட்லியை நீட்டினாள், அது கைக்குப் போவதற்குள் பிள்ளை நாலு விரற்கடை இறங்கியிருந்தாள். அப்போதுதான் கீழே லாரி உறுமியது.

நல்ல நேரத்தில் முதல் லோடு விழ வேண்டும், பூமி பூஜை என்றால் ஈசானி மூலையில்தான் தொடங்க வேண்டும். ஐயர் மணி அடித்தார், பூசணிக்காய் உடைந்தது, எத்திராஜ் வெள்ளை வேட்டியில் கைகூப்பினார், போட்டோ எடுக்கிறவன் “கொஞ்சம் லெஃப்ட்டுண்ணே” என்றான். தொட்டியின் எத்தனையோ மூலைகளை விட்டுவிட்டு, லாரி பின்பக்கமாக ஈசானி மூலைக்கு வந்து, தர்ஷினி ஏறிய அந்த ஒரே வளைவின்மேல், உடைந்த செங்கல்லும் கருங்கல்லும் கம்பியுமாக ஒரு லோடு இடிபாட்டைக் கொட்டியது.

“ஐயோ!” என்று செந்தாமரை மூங்கிலைப் போட்டாள்.

வேலைக்காரர்கள் லிஃப்ட் எங்கோ மேலே நின்றது. மற்ற லிஃப்டும் வரவில்லை. படியில் ஓடினாள். நாலாவது மாடித் திருப்பத்து ஜன்னலில் பார்த்தாள், மகள் அவளோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தாள். இடுப்பில் சொருகியிருந்த போன் அடித்தது, மூர்த்தியாகத்தான் இருக்கும், எடுக்க நேரமில்லை. மூன்றாவது மாடி ஜன்னலில் மகளின் முகம் தெரியவில்லை, தலைமயிர் மட்டும் மேல்நோக்கிப் பறந்தது, அவள் முந்திவிட்டாள். செந்தாமரை இரண்டு படி, மூன்று படியாகத் தாவினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் செருப்பு கழன்றது. தரைக்கு வந்து வெளியே பாய்ந்தபோது, மகள் தலைக்கு மேலே, குடியிருப்பின் இரண்டாவது மாடி ஜன்னலுக்கு நேரே, கிரைண்டர் ஓடிய அந்த ஜன்னலுக்கு நேரே இருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கினாள்.

வெறுங்கையால் செந்தாமரை கல்லை அள்ளினாள். ஒரு கல், இன்னொரு கல். நகம் பெயர்ந்தது. “தங்கச்சி, தள்ளு, அடிபடும்” என்றது எத்திராஜின் குரல். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை வந்தது, மரியபுஷ்பத்தின் கை. ஸ்டெஃபி வந்தாள், பலகைகளை எறிந்துவிட்டு எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள், செந்தாமரையின் மாவு வாளிகளைத் தூக்கிக்கொண்டு குடியிருப்புப் பெண்கள் வந்தார்கள், பின்வாசலைத் திறந்துகொண்டு, பனியனும் லுங்கியுமாகச் சபேசன் முன்னால் ஓடிவர, காரில் போகிற வழக்கமுள்ள அத்தனை பேரும் நைட்டியிலும் பேண்ட்டிலும் ஓடிவந்தார்கள். வாளியில் அள்ளினால் போதாது, குவியல் பெரிது. ஸ்டெஃபி பேனரைக் காட்டிக் கத்தினாள். யாரோ கயிற்றை அறுத்தார்கள், ஃப்ளெக்ஸ் சரிந்து வந்தது, அதைக் குவியலுக்குப் பக்கத்தில் விரித்து, மேலே கல்லைத் தள்ளித் தள்ளி, இரண்டு முனையையும் பிடித்துப் பத்து இருபது பேராக இழுத்தார்கள். செந்தாமரையின் அழுத முகத்தின்மேல் கருங்கல் உருண்டது, எத்திராஜின் கூப்பிய கையின்மேல் கம்பி கீறியது.

“இழுங்க, இழுங்க!”

தர்ஷினி முதல் மாடி உயரத்தில் இருந்தாள். “அம்மா, சத்தம் இல்லம்மா, எங்கனு தெரியலம்மா!” என்று அலறினாள்.

சக்கரம் ஓட்ட ஒரு பிள்ளையும் இல்லை, எல்லாரும் கல்லில் இருந்தார்கள். அப்போது சபேசன், தன் வாழ்நாளில் ஒரு சைக்கிள்கூட ஓட்டியிராத மனிதர், கீழே கிடந்த ஒரு பலகையைக் கையில் எடுத்து, வளைவின் ஓரத்தில் மண்டியிட்டு, சக்கரத்தைச் சிமெண்டில் அழுத்தி முன்னும் பின்னுமாகக் கடகடவென்று தேய்த்தார். “இங்கேடி கொழந்தே, இங்கே! கேக்கறதா?”

எத்திராஜ் பார்த்தார். போட்டோ எடுக்கிறவன் அவரையே குறிபார்த்து நின்றான். என்ன நினைத்தாரோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “பாத்துக்கினு நிக்கிறான் பாரு, கேமராவப் போட்டுட்டு முனையப் பிடிடா” என்று அவனை ஒரு அறை விட்டு, தானும் தன் முகம் இருந்த பக்கத்தைப் பிடித்து இழுத்தார். குவியலின் கடைசிப் பாதி அந்த ஒரே இழுப்பில் வளைவை விட்டு நகர்ந்தது. பெண்கள் முந்தானையால் பொடிக்கல்லைத் துடைத்தார்கள். “ஒதுங்கு! ஒதுங்கு!”

எல்லாரும் ஒதுங்கினார்கள். நாலு சக்கரமும் வளைவைத் தொட்டன. ஒரு வண்டியின் வேகமும் ஒரு கட்டடத்தின் உயரமும் அந்த வளைவுக்குள் இறங்கின, வளைவு அவளை நிறுத்தவில்லை. தொட்டியின் அடிவரைக்கும் வழித்துக் கொண்டுபோய், அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டது.

எதிர்ப்பக்க விளிம்பில் செந்தாமரை நின்றிருந்தாள். கல்லைப் பக்கவாட்டில் இழுத்துத் தள்ளிவிட்டு அங்கே ஓடிவந்திருந்தாள். மகள் தன்னை நோக்கி ஏறி வருவதைப் பார்த்தாள். இந்த விளிம்பைத் தாண்டினால் மறுபடி மேலேதான், மறுபடி மாடி மாடியாக. “பிடி செந்தாமரை, பிடிச்சிக்கோ!” என்று தெருவே கத்தியது. கை நீட்டினால் எட்டும். ஆனால் அந்த வேகத்தில் பிடித்தால் நிற்கும், நின்றால் உடையும். அவள் கண்ணில் மகளின் கண் பட்டது. செந்தாமரை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு அடி பின்வாங்கி, வழிவிட்டாள்.

தர்ஷினி விளிம்பைத் தாண்டினாள். ஒரு சாண் எழும்பினாள், இரண்டு சாண். தெருவே கழுத்தை நிமிர்த்தியது.

தட் என்று இறங்கினாள். எல்லாப் பிள்ளைகளையும் போல, மறுநொடியே.

அந்தப் பக்கம் போனாள், இந்தப் பக்கம் வந்தாள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாக ஏறி, கொஞ்சம் மெதுவாக இறங்கி, கடைசியில் தொட்டியின் அடியில், மாவு வாளிகளுக்கு நடுவில் வந்து நின்று, பலகையை விட்டு இறங்கி, நிற்கத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள். செந்தாமரை சறுக்கிக்கொண்டே போய் அவளை மடியில் போட்டுக்கொண்டாள். கையை, காலை, முதுகை, கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“உட்டுட்டியேம்மா” என்றாள் தர்ஷினி.

“உட்டேன்டி” என்றாள் செந்தாமரை.

மேலே விளிம்பில் எத்திராஜ் சட்டையைத் தட்டிக்கொண்டு, தொட்டி இங்கேயேதான் இருக்கும், அதற்கும் ஒரு பேனர் வைக்க வேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். சபேசன் இன்னும் மண்டியிட்டபடி, பலகையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். மரியபுஷ்பம் அவரைக் கைகொடுத்து எழுப்பினாள்.

போன் மறுபடி அடித்தது. செந்தாமரை சிராய்த்த விரலால் எடுத்தாள். லாரி இரைச்சல்.

“எத்தினி வாட்டி அடிக்கிறது, எடுக்க மாட்டியா?” என்றான் மூர்த்தி. “இன்னிக்கு எத்தனாவது மாடி?”

அவள் மடியில் கிடந்த மகளைப் பார்த்தாள்.

“மொதல்ல வண்டிய ஓரங்கட்டுய்யா” என்றாள். “ஓரங்கட்டிட்டு, ஹேண்ட் பிரேக்க போடு. அப்பறம் சொல்றேன்.”